நாற்பது வெற்று வரிகளுக்குக் கீழே

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. உன் கப்பலுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறைதான் மெயில் வரும், அதிலும் எழுத்து மட்டும்தான், படமும் போகாது, குரலும் போகாது என்று சொல்லியிருக்கிறாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்னைத் தடை செய்துவிட்டார்கள்.

ஆமாம், உன் தங்கையைத்தான். ஆன்லைன் வாள்சண்டை லீக்கில் நான்கு மாதமாக ‘ரெட்டைவால்’ என்ற பெயரைப் பார்த்தாலே எதிர் அணிக்காரர்கள் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்களே, அந்த ரெட்டைவாலைத்தான். நேற்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, கண்ட்ரோலரை மேஜைக் கவ்வியில் மாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பெடல்களில் கால் வைத்தால், திரையில் சிவப்பாக ஒரு பெட்டி. ஒரே அழுத்தத்தில் பல செயல்கள் நடப்பதாகச் சந்தேகமாம். விசாரணை முடியும்வரை கணக்கு முடக்கம். விசாரணை பதினேழாம் தேதி. அரையிறுதி அதற்கு மறுவாரம்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்கூட்டர் சறுக்கிய நாளிலிருந்து இடது கையில் மணிக்கட்டு ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. முழுசாக இரண்டு கை இருப்பவர்கள் சேர்ந்துகொண்டு, ஒன்றேகால் கை இருப்பவள் ஏமாற்றுகிறாள் என்கிறார்கள். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, புகார் என்று எடுத்துக்கொள்வதா?

அவர்கள் சந்தேகப்படுவது என் திருப்பு வெட்டை. யாராவது பின்னாலிருந்து வந்தால் வலது கட்டைவிரலால் கேடயப் பட்டனை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், திரும்ப வேண்டும், வெட்ட வேண்டும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் மூன்றும் வரிசையாக நடந்தால்தான் உண்டு. மற்றவர்களுக்கு அது இரண்டு கை வேலை. எனக்குத் தட்டுவது கட்டைவிரல், திரும்புவது வலது கால் பெடல், வெட்டுவது இடது மணிக்கட்டுக்குக் கீழே நீ வைத்துக் கொடுத்த பெரிய பட்டன். சாஃப்ட்வேர் செய்வதெல்லாம், ‘பெடல் மிதித்தால் அதை இந்தப் பட்டன் என்று எடுத்துக்கொள்’ என்று ஆட்டத்திடம் சொல்வது மட்டும்தான். வீட்டு வாசலை வேறு பக்கம் மாற்றி வைத்த மாதிரி. நடந்து போக வேண்டியது நான்தான். இதைத்தான் அவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும்.

அதற்கு உன் உதவி வேண்டும். எந்தப் பெடல் எந்தப் பட்டன் என்று அந்த சாஃப்ட்வேருக்குச் சொல்லும் ஃபைலை உன் லீவின்போது எழுதிக் கொடுத்தது நீ. கப்பலில் எலக்ட்ரிகல் ஆபீசராக இருக்கும் ஒருவர், ‘இதில் ஒரு அழுத்தத்துக்கு ஒரு செயல்தான், நானே எழுதினேன்’ என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் நடுவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். எட்டாம் தேதிக்குள் அனுப்பு. நான் என் பக்கத்திலிருந்து அந்த ஃபைலையும் அப்படியே அனுப்பப் போகிறேன்.

அம்மா உன்னை விசாரித்தாள். நான் என்ன விளையாடுகிறேன் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் என்னைத் தடை செய்தவர்களைத் திட்டுவதில் குறை வைக்கவில்லை.

உன்,
ரெட்டைவால்


மார்ச் 6

அன்புள்ள ரெட்டைவாலுக்கு,

உன் கடிதம் நேற்றே வந்துவிட்டது. இரண்டாம் ஜெனரேட்டரில் ஒரு தகராறு, அதைப் பிரித்துப் போட்டதில் நேற்று முழுக்கப் போய்விட்டது. உடனே எழுத முடியவில்லை.

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். இந்த விசாரணைக்கெல்லாம் போக வேண்டுமா? இவர்களோடு மல்லுக்கட்டி நமக்கு என்ன ஆகப் போகிறது? விளையாட்டுத்தானே. வேறு பெயரில் புதுக் கணக்கு திறந்துகொள். வேறு லீக் எத்தனையோ இருக்கிறது. உன் திறமைக்கு நாலு மாதத்தில் மறுபடி மேலே வந்துவிடுவாய்.

இன்னொன்று. அந்த ஃபைல் நான் அவசரத்தில் எழுதியது. அவ்வளவு சுத்தமாக இருக்காது. சாஃப்ட்வேர் நடுவில் அப்டேட் ஆகியிருந்தால் அது எதையாவது மாற்றியிருக்கவும் கூடும். அதனால் யாருக்கும் அனுப்பாதே. அழித்துவிடு. நான் புதிதாக ஒன்று எழுதி அனுப்புகிறேன், அதைப் போட்டுக்கொள்.

நாலு வரிக் கடிதம் பற்றி: நான் வீட்டு ஆள். என் சாட்சியை அவர்கள் எப்படி ஏற்பார்கள்? யோசித்துச் செய்யலாம்.

அம்மாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல். கையைக் குளிரில் வைக்காதே.

அண்ணன்


மார்ச் 7

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வேறு யாரோ எழுதிக் கீழே உன் பெயரைப் போட்ட மாதிரி இருக்கிறது.

வேறு பெயரா? எதற்கு? திருடியவள்தான் பெயரை மாற்றிக்கொண்டு ஊரை விட்டு ஓடுவாள். ரெட்டைவால் என்ற பெயரை எனக்கு வைத்ததே நீதான், இப்போது நீயே அதைக் கழற்றிப் போடு என்கிறாய். முடியாது.

‘விளையாட்டுத்தானே’ என்று இனி ஒரு முறை எழுதினால் உன் கடிதத்தைப் பாதியில் மூடிவிடுவேன். பல் செய்யும் லேபில் என்னை என்ன வேலையில் வைத்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். பல் வார்த்த கை இது. இப்போது யாருக்கு எந்த வெள்ளையில் பல் வைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். அங்கே எல்லோரும் என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. நான் ஒரு பெட்டியைத் தூக்கப் போனால் மூன்று பேர் ஓடி வருகிறார்கள். ஆட்டத்துக்குள் மட்டும்தான் ஒருத்தரும் எனக்காக ஓடி வருவதில்லை. அங்கே என்னைக் கண்டால் ஓடுகிறார்கள். இரண்டு வருடத்தில் நானாகச் சம்பாதித்த ஒரே பெயர் அது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லாதே.

அப்புறம், நீ தாமதம். ஃபைலை நேற்றே அனுப்பிவிட்டேன். ஃபைல் மட்டுமல்ல. எந்தக் கால் எந்த நொடியில் எந்தப் பெடலை மிதித்தது என்று அந்த சாஃப்ட்வேர் உள்ளுக்குள் ஒரு பதிவு வைத்திருக்கிறதாமே. நான்கு மாதப் பதிவையும் சேர்த்து அனுப்பினேன். ஒளிக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

எங்கள் கேப்டன் முழுசாக என் பக்கம். பகலெல்லாம் ஸ்கூல் பஸ் ஓட்டுகிற மனுஷர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர், லீக் ஆபீசுக்கு ஃபோன் போட்டு, “அவ என் டீம்ல இருக்கற வரைக்கும் அவ சொல்றதுதான் எனக்கு உண்மை” என்று சொல்லியிருக்கிறார்.

வாத்தியாரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், கழுத்துக்குக் கீழே அசைவில்லை, வாயில் குச்சி பிடித்து விளையாடுகிறார். நேற்று அவரிடமிருந்து சேதி வந்தது. என் வழக்கு தோற்றால் பட்டன் மாற்றும் சாஃப்ட்வேரையே லீக்கில் ஒட்டுமொத்தமாகத் தடை செய்யப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். “நீ ஜெயிச்சாத்தான் நானும் உள்ள இருப்பேன்மா” என்று எழுதியிருந்தார். கவலைப்படாதீர்கள், என் கை சுத்தம் என்று பதில் போட்டேன்.

அந்த நாலு வரியை எழுது அண்ணா. உனக்கு என்ன வந்தது?

ரெட்டைவால்


மார்ச் 9

ரெட்டைவால்,

இதை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். இனியும் அழித்தால் நாளைய மெயிலும் போய்விடும். அதனால் சொல்லிவிடுகிறேன்.

உன் கை சுத்தம்தான். என் கைதான் இல்லை.

ஃபைலைத் திறந்து கீழே போ. எல்லாம் முடிந்துவிட்டது போலத் தெரியும். அதற்குக் கீழே நாற்பது வெற்று வரிகள் விட்டிருக்கிறேன். அதையும் தாண்டிப் போனால் ஐந்து வரிகள் இருக்கும். கேடயத்தை இரண்டு தட்டுத் தட்டியவுடன், திரும்புவதையும் வெட்டுவதையும் அந்த ஐந்து வரிகளே செய்துவிடும். நீ மிதிப்பதற்குள் அசைவு தொடங்கிவிடும். ஒரு அசைவு நடந்துகொண்டிருக்கும்போது அதே பட்டன் மறுபடி வந்தால் ஆட்டம் கண்டுகொள்ளாது. அதனால்தான் உனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஏன் என்று கேட்பாய். லீவு முடிய நான்கு நாள் இருந்தது. அன்று மத்தியானம் நீ வரிசையாகத் தோற்றாய். நான் பக்கத்து அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். நீ குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாய். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் எனக்குக் கேட்டது. கதவைத் தட்டப் போனேன். தட்டினால் நீ சிரித்துக்கொண்டு வெளியே வருவாய் என்று தெரியும். அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. திரும்பி வந்து உன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தேன். இரண்டு ஆட்டம் ஜெயித்தால் தெம்பு வரும், பிறகு எடுத்துவிடலாம் என்று. கப்பலுக்கு வந்தபின் உன் கடிதங்கள் ஒவ்வொன்றும் குதித்துக்கொண்டு வந்தன. அம்மாவும் நீ பழையபடி சாப்பிடுகிறாய் என்று எழுதினாள். எப்படி எடுப்பேன்?

நடுவர்களுக்கு நானே எழுதுகிறேன். எல்லாம் என் வேலை, உனக்குத் தெரியாது என்று. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணன்


மார்ச் 11

நாற்பது இல்லை. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. பொய்யைக்கூட ஒழுங்காக எண்ணத் தெரியவில்லை உனக்கு.

பதிவையும் பார்த்தேன். இந்தப் பக்கம் என் கால் மிதித்த நேரம், அந்தப் பக்கம் ஆட்டத்துக்குள் உருவம் திரும்பிய நேரம். ஒவ்வொரு தடவையும் அது திரும்ப ஆரம்பித்த பிறகுதான் என் கால் மிதித்திருக்கிறது. நான்கு மாதம். லேபிலிருந்து வந்து, கணுக்கால் வீங்கும்வரை மிதித்துப் பழகினேன். அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். அந்தக் கால் ஒன்றுமே செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. நான் மேஜைக்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

லேபில் பெட்டி தூக்க ஓடி வருகிறார்களே, அவர்கள் எவ்வளவோ தேவலை. என் கண்ணெதிரே ஓடி வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயாவது இருக்கிறது. நீ என் முதுகுக்குப் பின்னால் வந்து தூக்கினாய்.

அன்றைக்கு நான் அழுதது கைக்காக இல்லை. கால் சொன்னபடி கேட்கவில்லை என்ற எரிச்சல். அழுது முடித்து முகம் கழுவி வந்தால் அடுத்த நாள் இன்னும் நூறு முறை மிதிக்கிற எரிச்சல் அது. அழ விட்டிருக்கலாமே அண்ணா. உன்னை யார் குழாயை மூடச் சொன்னது?

நடுவர்களுக்கு நீ எழுத வேண்டாம். என் பெயரில் நடந்தது. நான்தான் போய்ச் சொல்வேன். இன்று காலை கேப்டனிடமும் சொல்லிவிட்டேன். அவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, “சரி, பதினேழாம் தேதி நானும் வரேன்” என்றார். வாத்தியாருக்கு எழுதுவதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது. என் கை சுத்தம் என்று அவருக்கு எழுதிய அதே விரலால்தான் இதையும் எழுத வேண்டியிருந்தது. அவர் இன்னும் பதில் போடவில்லை.

அந்த ஐந்து வரிகளை நானே அழித்துவிட்டேன். புது ஃபைல் எதுவும் அனுப்பாதே.


மார்ச் 13

ரெட்டைவால்,

அனுப்பவில்லை. உன் ஃபைலை இனித் தொட மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இஞ்சின் அறைக்குப் போய் வெறுமனே நின்றுகொண்டிருந்தேன். அங்கே இருக்கும் சத்தத்தில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உனக்கு நல்லது செய்தேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. நீ தோற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. எனக்காகத்தான் செய்தேன்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

பதினேழாம் தேதி என்ன நடந்தது என்று ஒரு வரி எழுது. அது போதும்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

ஒரு வரிதான் கேட்டாய். எனக்கு ஒரு வரியில் எழுத வராது, பொறுத்துக்கொள்.

லீக் ஆபீஸ் என்றால் பெரிய கட்டடமாக இருக்கும் என்று நினைத்தேன். டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை. லிஃப்ட் இல்லை. கேப்டன் பெடல் பெட்டியைக் கேட்காமல் தூக்கப் போனார், நான் முறைத்தேன், வைத்துவிட்டார். மாடி ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அதுவும் நல்லதுதான், பயப்பட நேரமில்லை.

தலைமை நடுவர் ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பேசுவார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் நானே ஆரம்பித்துவிட்டேன். ஃபைலில் ஐந்து வரிகள் இருந்தன, அவற்றை எழுதியது என் அண்ணன், எனக்குத் தெரியாது, தெரிந்தது பத்தாம் தேதி, அந்த வெற்றிகள் எனக்கு வேண்டாம் என்று. அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “எங்களுக்கு ஏழாம் தேதியே தெரியும்மா. நீங்க வந்து என்ன சொல்லப் போறீங்கன்னுதான் காத்துட்டு இருந்தோம்” என்றார். நல்லவேளை, உன் பேச்சைக் கேட்டு வேறு பெயரில் ஓடவில்லை.

எப்படிப் பிடித்தார்கள் என்றும் சொன்னார். மனிதக் கை ஒரே வேகத்தில் இரண்டு தரம் செய்யாதாம். என் திருப்பு வெட்டு எல்லாமே ஒரே அளவு, ஒரு துளி மாறவில்லை. உன் ஜெனரேட்டரை மாதிரியே என் கையையும் ஓட்டியிருக்கிறாய்.

பிறகு அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். அண்ணா, இதைத்தான் நான் உனக்குச் சொல்லியாக வேண்டும். அவர் சும்மா இருக்கவில்லை. நான் அனுப்பிய பெடல் பதிவை எடுத்து, உன் ஐந்து வரிகளே இல்லையென்று வைத்துக்கொண்டு, என் கட்டைவிரலும் காலும் மணிக்கட்டும் அழுத்திய நேரங்களை மட்டும் வைத்து, ஒவ்வொரு வெட்டும் தானாக நடந்திருக்குமா என்று பார்த்திருக்கிறார். நீ கப்பலேறிய வாரம் பத்தில் மூன்றுதான் நடந்திருக்கும். ஜனவரியில் பத்தில் ஐந்து. பிப்ரவரிக் கடைசியில் பத்தில் எட்டு.

எட்டு அண்ணா. என் கால்.

அந்த அம்மா, “உங்களுக்கு அது தேவையே படலை, தெரியுமா?” என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. குழாய் எதுவும் இல்லாததால் எல்லோர் எதிரிலும் அழுதேன். கேப்டன் ஜன்னல் வழியாக டயர்க் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்ததும், விளையாடிக் காட்டுகிறேன் என்று சொன்னேன். ஐந்து வரிகளையும் நான் அழித்துவிட்ட ஃபைலைப் போட்டார்கள். பெடலை அவர்களே சோதித்தார்கள். எதிரே அவர்களுடைய ஆள் ஒருவர், இரக்கமே இல்லாதவர். முதல் மூன்று முறையும் பின்னாலிருந்து வந்து என்னைச் சாய்த்துவிட்டார். நாலாவது தடவை திரும்பினேன். திரும்பியது நான்தான் என்று காலிலேயே தெரிந்தது. ஐந்தாவதும் ஆறாவதும் அப்படியே. மொத்தம் பத்தில் ஆறு. அழுத கண்ணோடு ஆறு என்றால் மோசமில்லை.

முடிவு இதுதான். நான்கு மாத வெற்றிகள் எல்லாம் ரத்து. அரையிறுதி போயிற்று. எங்கள் அணி அடிமட்டப் பிரிவிலிருந்து மறுபடி ஏற வேண்டும். ஆனால் என் தடை நீங்கியது, என் பெயரும் எனக்கே. சாஃப்ட்வேருக்கும் தடை இல்லை. பட்டனின் இடத்தை மாற்றிக்கொள்ளலாம், வேலையைக் கூட்டக் கூடாது என்று விதியில் எழுதுகிறார்கள். ஆட்டத்துக்கு முன் அவரவர் ஃபைலைக் கொடுத்துவிட வேண்டும். வாத்தியார் அன்று மாலையே பதில் போட்டார். புது விதிப்படி முதல் ஆளாகத் தன் ஃபைலைக் கொடுத்துவிட்டாராம். என்னைத் திட்டவில்லை. பத்தில் எட்டு என்றால் மீதி இரண்டு எங்கே என்று கேட்டிருந்தார். கணக்கு வாத்தியார் புத்தி போகுமா.

நேற்று அடிமட்டப் பிரிவில் முதல் ஆட்டம். தோற்றோம். அதுவும் என்னால்தான் தோற்றோம், கால் ஒரு நொடி பிந்திவிட்டது. கேப்டன் வெளிப்படையாகவே, “இன்னைக்கு நீ சொதப்பிட்ட” என்றார். இரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. இன்று லேபில் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வந்து நூற்றிருபது முறை மிதித்தேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் நீ பொய் சொல்லாமல் எழுதிய அந்தக் கடைசிக் கடிதத்தை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்த லீவுக்கு வா. நான் விளையாடும்போது என் அறையிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார். நான் தோற்பேன், அநேகமாக நிறையத் தோற்பேன். எழுந்து போகாதே. கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை பார்.

ரெட்டைவால்